போர்வைக்கு அடியில்

ஜூன் 3, திங்கள்

அங்கன்வாடிக்கு ஒரு மாதம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். பருப்பு மூட்டை, முட்டை அட்டை எல்லாம் உதவியாளரிடம் ஒப்படைத்தாயிற்று. கோழிகளை எதிர்வீட்டு ராக்கம்மா பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். நாளைக் காலை தஞ்சாவூர் பஸ்.

அவர் குவைத்திலிருந்து வந்து இரண்டு வாரம் ஆகிறது. முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக அங்கே கிரேன் ஓட்டினார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவார், ஒன்றரை மாதம் இருப்பார், போய்விடுவார். இந்தத் தடவைதான் திரும்பிப் போக டிக்கெட் இல்லாமல் வந்தார். திருச்சி ஏர்போர்ட்டில் கண்ணாடிக் கதவைத் தாண்டி வந்தவரின் கண்ணைத்தான் முதலில் பார்த்தேன். மஞ்சளாக இருந்தது. "தூக்கமில்ல, அதான்" என்றார்.

காரணம் தூக்கம் இல்லை. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தும் கேட்கவில்லை. உடம்பெல்லாம் அரிப்பு. பட்டுக்கோட்டையில் ஸ்கேன் எடுத்தார்கள். கணையத்தின் தலைப்பகுதியில் ஒரு கட்டி, அது பித்தக் குழாயை அடைத்துக்கொண்டிருக்கிறதாம். அந்த டாக்டர் கட்டிக்குப் பெயர் சொல்லவில்லை. தஞ்சாவூருக்குப் போங்கள் என்று மட்டும் சொன்னார். நானும் கேட்கவில்லை.

அவர் கொண்டுவந்த பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. "அப்படியே தூக்கிட்டுப் போயிரலாம், வசதியாப் போச்சு" என்கிறார்.

ஜூன் 5, புதன்

சேர்த்தாயிற்று. ஆண்கள் வார்டு, ஜன்னலோரக் கட்டில்.

ரோஸ்லின் என்று ஒரு சிஸ்டர். வேளாங்கண்ணிப் பக்கம். கேள்வி கேட்டு எழுதிக்கொண்டாள். ராத்திரி எத்தனை தடவை எழுந்திருப்பார்? எந்தச் சாப்பாடு ஒத்துக்காது? குறட்டை உண்டா? எந்த மருந்தாவது போட்டுத் தடிப்பு வந்திருக்கிறதா? ஒவ்வொரு கேள்விக்கும் நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவரே பதில் சொன்னார். பக்கத்துக் கட்டிலோரம் ஒரு வயதான அம்மா, தன் வீட்டுக்காரருக்கு எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் ஏப்பம் வரும் என்பது வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அவள் மேல் ஏனோ கோபம் வந்தது.

அறுவை மருத்துவர் பெயர் கார்மேகம். மெதுவாகப் பேசுகிறார். கணையத்தின் தலை, பித்தப்பை, சிறுகுடலின் ஆரம்பம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி இணைக்க வேண்டுமாம். பெரிய ஆபரேஷன். "நான் அதிகமா பயப்படறது ரத்தப்போக்குக்குத்தான்" என்றார். காமாலை இருக்கும்போது ரத்தம் சரியாக உறையாதாம், அதற்கு வைட்டமின் ஊசி போடுகிறார்கள்.

"இதயத்துக்கு, ரத்தம் உறையாம இருக்கறதுக்குன்னு ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

"ஒண்ணும் இல்ல சார்" என்றார் இவர்.

நானும் இல்லையென்று தலையாட்டினேன். எனக்கு என்ன தெரியும்?

திங்கட்கிழமை ஆபரேஷன்.

ஜூன் 7, வெள்ளி

சாயங்காலம் ஐந்து மணிக்கு என் கை தானாக செல்போனைத் தேடியது. வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. அந்த நேரத்துக்குத்தான் எப்போதும் கூப்பிடுவார். இன்றைக்கு அவர் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார், நான் ஸ்டூலில். கைநீட்டினால் எட்டும். இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இல்லை.

"போன்ல இருந்தா இந்நேரம் என்ன பேசியிருப்போம்?" என்றார்.

"தேங்கா பறிச்சாச்சான்னு கேட்டிருப்பீங்க."

"தேங்கா பறிச்சாச்சா மலரு?"

"பறிச்சாச்சு."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்ததும் அவருக்கு வயிறு வலித்தது.

அவர் கழிப்பறைக்குப் போயிருந்தபோது போன் அடித்தது. குவைத்திலிருந்து ஜபருல்லா. அதிராம்பட்டினத்துக்காரர். பதினோரு வருஷமாக இவரோடு ஒரே அறையில் இருந்தவர். நல்லது கெட்டது விசாரித்துவிட்டு, "அண்ணி, நெஞ்சுக்கு உள்ள மாத்திரைய விடாம போடுறாருல்ல? அத மட்டும் விட்டுறக் கூடாதுன்னு இங்க டாக்டரு சொல்லிருக்காரு" என்றார்.

"என்ன மாத்திர?"

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

"அண்ணி... உங்களுக்குத் தெரியாதா?"

ஜூன் 8, சனி

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் வேலை இடத்தில் நெஞ்சு வலி வந்து விழுந்திருக்கிறார், ஜபருல்லா சொன்னார். ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து இரண்டு மாத்திரை. ஆஸ்பத்திரியில் இருந்த அந்த வாரமும் வெள்ளிக்கிழமை போன் வந்தது. சளி பிடித்திருக்கிறது, அதனால்தான் குரல் இப்படி என்றார். நான் சுக்கு போட்டுக் குடிக்கச் சொன்னேன்.

மாத்திரை அட்டை பெட்டியில், சட்டைகளுக்கு நடுவே இருந்தது. எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அட்டையைக் கண்ணருகே வைத்துப் படித்தார்.

"இதோட திங்கக்கிழமை நான் கத்தி வச்சிருந்தா, ரத்தத்த நிறுத்தப் போராட வேண்டியிருந்திருக்கும். நல்ல வேளைம்மா."

இதய மருத்துவர் வந்து பார்த்தார். ஒரு மாத்திரையை நிறுத்தச் சொன்னார், இன்னொன்று இருக்கட்டும் என்றார். ஆபரேஷன் தள்ளிப்போயிற்று.

மதியம் இவரிடம் கேட்டேன். சத்தம் போடவில்லை.

"ஏன் சொல்லல?"

"சொன்னா வரச்சொல்லுவ."

"சொல்லியிருப்பேன்."

"நீ சொன்னா வந்திருப்பேன்."

வந்திருந்தால் இரண்டு வருஷம் கூட இருந்திருப்பார். வராண்டாவில் போய் நின்று, காயப்போட்ட துண்டை மடித்து மறுபடி காயப்போட்டேன்.

ஜூன் 12, புதன்

திருப்பூரிலிருந்து தேன்மொழி தினமும் அழுகிறாள். நிறைமாதம், பயணம் கூடாது என்று மாப்பிள்ளை சொல்வது சரிதான். மகளிடம் "அப்பா நல்லாருக்காரு" என்று சொல்லும்போது என் குரல் அவர் குரலைப் போலவே கேட்டது.

ராக்கம்மா கூப்பிட்டாள். கறுப்புக் கோழி அடைக்கு உட்கார்ந்திருக்கிறதாம்.

ஜூன் 14, வெள்ளி

ஜபருல்லா தினமும் கூப்பிடுகிறார். நான் போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போய்விடுகிறேன். இவரைப் பற்றிக் கேட்கிறேன். கட்டின புருஷனைப் பற்றி இன்னொருவரிடம் கேட்பதற்கு முதல் நாள் கூச்சமாக இருந்தது. இப்போது இல்லை.

கத்திரிக்காய் சாப்பிட்டால் நாக்கு அரிக்குமாம். இங்கே வந்தால் ஒவ்வொரு தடவையும் நான் எண்ணெய்க் கத்திரிக்காய் செய்வேன், இரண்டு தரம் வாங்கிச் சாப்பிடுவார். தலையணை இல்லாமல்தான் தூங்குவாராம். மழை பெய்தால் அறைக்கு வெளியே போய் நனைவாராம். "எப்பவாச்சும்தான் அங்க மழ, அண்ணி. வயசான ஆளு சின்னப்புள்ள மாதிரி நிப்பாரு. பேராவூரணில இந்நேரம் மழ பெய்யுமான்னு என்கிட்ட கேப்பாரு. எனக்கென்ன தெரியும்?"

ஜபருல்லா நல்ல மனுஷர். அவரிடம் எனக்கு எந்தப் பொறாமையும் இல்லை.

தலையணையை எடுத்துவிட்டேன். "எப்படித் தெரியும்?" என்று கேட்டார். "தெரியும்" என்றேன்.

ஜூன் 19, புதன்

காலை ஏழரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். அஸ்தமனத்துக்குக் கொஞ்சம் முன்பு டாக்டர் வெளியே வந்தார். நல்லபடியாக முடிந்தது, ரத்தம் அதிகம் போகவில்லை என்றார். காலையிலிருந்து கைக்குள் வைத்திருந்த இவர் மோதிரத்தை அப்போதுதான் விரலில் போட்டுக்கொண்டேன். கட்டைவிரலுக்குத்தான் சரியாக இருந்தது.

ஜூன் 21, வெள்ளி

தீவிர சிகிச்சைப் பிரிவு. கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். ஐந்து மணிக்குக் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். அவர் விழித்திருந்தார். கையைக் காதில் வைத்து போன் பேசுவது போலக் காட்டினார். நானும் காட்டினேன்.

குவைத்தில் இருந்தபோது இதைவிடப் பக்கத்தில் இருந்தார்.

ஜூன் 25, செவ்வாய்

வார்டுக்கு வந்துவிட்டார். வயிற்றின் இரண்டு பக்கமும் ரப்பர் குழாய், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு பை. இடது பக்கம் வருவது இளமஞ்சள், கஞ்சித் தெளிவு மாதிரி. வலது பக்கம் கலங்கலாக இருக்கிறது.

கணையத்தை ஒட்டிய இடத்தில் கொஞ்சம் கசிகிறது என்கிறார் டாக்டர். பலருக்கும் கசியும், தானாக அடைத்துக்கொள்ளும். ஆனால் கணைய நீர் சாப்பாட்டைச் செரிக்க வைக்கிற நீர். அது ரத்தக் குழாயின் மேல் பட்டுக்கொண்டே இருந்தால் குழாயையும் அரித்துவிடும். "அதனால கொஞ்சூண்டு சிவப்பு தெரிஞ்சாலும் சொல்லணும்மா. ஒரு சொட்டுன்னாலும். அது வந்து நின்னுபோனாலும் சொல்லணும். பெரிய ரத்தப்போக்குக்கு முன்னாடி சில பேருக்கு அப்படிச் சின்னதா ஒண்ணு வந்து எச்சரிக்கும்."

அப்போதிலிருந்து பைகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் முகத்தைக்கூட இவ்வளவு பார்த்ததில்லை.

இன்று முதுகு துடைத்துவிட்டேன். வலது தோளுக்குக் கீழே நீளமாக ஒரு தழும்பு. கேட்டதற்கு, கம்பி கிழித்தது, ரொம்ப நாள் ஆச்சு என்றார். விரலால் தொட்டுப் பார்த்தேன். கூச்சப்பட்டார். பக்கத்துக் கட்டில் அம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜூன் 28, வெள்ளி

உயிரோடு இருக்கிறார். இன்றைக்கு இதற்குமேல் எழுத முடியாது.

ஜூன் 29, சனி

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

காலையில் காபி வாங்கக் கீழே போய்விட்டு வந்தேன். கழுத்து வரைக்கும் போர்வையை இழுத்துப் போர்த்தியிருந்தார். ஜூன் மாதப் புழுக்கம், மின்விசிறியும் சரியாகச் சுற்றவில்லை.

"குளிருதா?"

"இல்ல... சும்மாதான்."

சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் "சளிதான் மலரு" என்று சொன்னபோது முகம் தெரியவில்லை, ஆனால் இப்படித்தான் சிரித்திருப்பார். காபியைக் கீழே வைத்துவிட்டுப் போர்வையை இழுத்தேன். அவர் ஒரு கையால் பிடித்துக்கொண்டார். ஆபரேஷன் ஆன ஆளுக்கு என்ன பலம் இருக்கும்? பிடுங்கிவிட்டேன்.

வலது பக்கத்துப் பையை உடம்போடு ஒட்டி ஒளித்து வைத்திருந்தார். அடியில் சிவப்பு. அதிகமில்லை, இரண்டு மூன்று கரண்டி இருக்கும்.

"எப்ப வந்துச்சு?"

"விடியக்காலைல. நின்னுருச்சு புள்ள. இப்ப ஒண்ணும் இல்ல பாரு. சொன்னா மறுபடி கண்ணாடி ரூமுக்குக் கொண்டுபோயிருவாங்க. நீ வெளிய நிப்ப, நான் உள்ள கெடப்பேன். எனக்கு வேணாம்."

அதைக் கேட்டுக்கொண்டு நிற்க நேரமில்லை. "சிஸ்டர்!" என்று நான் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது.

ரோஸ்லின் ஓடி வந்தாள். பையைப் பார்த்தாள், நாடியைப் பிடித்தாள், ரத்த அழுத்தம் பார்த்தாள். "நல்லாதான் இருக்கு. நின்னும் போயிருக்கு" என்றாள். எனக்கு உயிர் வந்தது. ஆனால் அவள் முகம் தெளியவில்லை. "இப்படி நின்னுபோறதுதாம்மா எங்களுக்கு பயம்" என்று சொல்லிக்கொண்டே டாக்டருக்குப் போன் போட்டாள். அடுத்த கட்டில் சலைன் பாட்டில் தீர்ந்துகொண்டிருந்தது, அதைக்கூட இன்னொருத்தியைப் பார்க்கச் சொல்லிவிட்டாள்.

டாக்டர் வந்ததும் சாயம் ஏற்றி ஸ்கேன் எடுக்கக் கொண்டுபோனார்கள். படத்தைக் காட்டினார். கல்லீரலுக்குப் போகிற ரத்தக் குழாயில், ஆபரேஷனின்போது ஒரு கிளையை வெட்டிக் கட்டிய இடத்தில் சுண்டைக்காய் அளவுக்கு ஊதியிருந்தது. உடைந்த சுவர் மேல் வெறும் ரத்தம் உறைந்து பிடித்துக்கொண்டிருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் திறந்துகொள்ளும் என்றார். வயிற்றை மறுபடி திறக்க வேண்டாம், தொடை வழியாக மெல்லிய குழாயை உள்ளே விட்டு அடைக்கலாம், உடனே செய்ய வேண்டும்.

ஸ்கேன் அறையிலிருந்து அந்த அறைக்கு ஒரு நீள நடைபாதை. ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் நடந்தேன். பாதி வழியில் அவர் "மலரு, கண்ண இருட்டுது" என்றார். அடுத்த நொடி வாயிலிருந்து ரத்தம். குழாயிலும் ரத்தம், பை நிறைந்து வழிந்தது. முகம் சுவர் மாதிரி வெளுத்துப்போயிற்று. ஸ்ட்ரெச்சரை ஓட்டமாகத் தள்ளினார்கள். நானும் ஓடினேன். அவர் கை என் புடவையைப் பிடித்திருந்தது. கதவுக்கு முன்னால் ரோஸ்லின் அந்த விரல்களைப் பிரித்துவிட்டாள்.

கதவு மூடும்போது நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. "ஒளிக்காதீங்க, இனிமே எதையும் ஒளிக்காதீங்கன்னு கத்துனீங்க" என்று ரோஸ்லின் பிறகு சொன்னாள்.

ரத்தம் கேட்டார்கள். ரத்த வங்கியில் முதலில் கொடுத்துவிட்டார்கள், ஈடாகக் கொடுக்க ஆள் வேண்டும். ஜபருல்லாவுக்குப் போன் போட்டேன். "போன வைங்க அண்ணி" என்றார், அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் அதிராம்பட்டினத்திலிருந்து ஒரு வேன் நிறையப் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். ஒருவரையும் எனக்குத் தெரியாது. "பக்கிரிசாமி மாமாவுக்குத்தானே?" என்று கேட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

சின்னக் கம்பிச் சுருள்களை உள்ளே வைத்து, ஊதிய இடத்தை அடைத்துவிட்டார்கள். டாக்டர் வந்து சொன்னார்: "ஸ்கேனுக்கு முன்னாடியே இது வெடிச்சிருந்தா எங்க ஓட்டைன்னு தேடுறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும். இப்ப எடம் தெரிஞ்சிருந்தது, ஆளும் தயாரா இருந்தாங்க."

நான் நன்றி சொன்னேனா என்று தெரியவில்லை. ரோஸ்லின் கொடுத்த டீயைக் குடித்தேன். என் புடவையில் ரத்தம் காய்ந்து விறைத்திருந்தது.

ஜூலை 2, செவ்வாய்

கண்ணாடிக்கு அந்தப் பக்கம். கண்ணைத் திறந்தார். நான் நின்றேன்.

ஜூலை 5, வெள்ளி

உள்ளே விட்டார்கள், கொஞ்ச நேரம்தான். குரல் வரவில்லை. குனிந்து கேட்டேன்.

"காலு மரத்துருக்கு" என்றார்.

கொஞ்சம் கழித்து, "முதுகுல வலி."

கொஞ்சம் கழித்து, "பயமா இருக்கு மலரு."

இதையெல்லாம் அவர் என்னிடம் சொன்னதே இல்லை. எந்த வெள்ளிக்கிழமையிலும் சொன்னதில்லை. காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தேன், நேரமாயிற்று என்று வெளியே அனுப்பும் வரைக்கும்.

ஜூலை 10, புதன்

தேன்மொழிக்குப் பெண் குழந்தை. சுகப்பிரசவம். வார்டுக்கு வந்துவிட்டவர் போனில் குழந்தையைப் பார்த்து, "மூக்கு மலரு மாதிரி" என்றார். இல்லை, அவர் மூக்குதான்.

கட்டியைப் பரிசோதித்த முடிவு வந்துவிட்டது. டாக்டர் என்னையும் அவரையும் சேர்த்து உட்காரவைத்துச் சொன்னார். நான்தான் அப்படிக் கேட்டுக்கொண்டேன், ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாமல் இருக்க வேண்டாம் என்று. வெட்டிய ஓரங்களில் நோய் ஒன்றும் இல்லையாம். பக்கத்து நெறிக்கட்டிகள் இரண்டில் இருக்கிறதாம். உடம்பு தேறியதும் மருந்து ஏற்ற வேண்டும், ஆறு மாதம். அதற்குப் பிறகு பார்க்கலாம் என்றார்.

"எவ்வளவு நாள்" என்று இவர் கேட்க வாயெடுத்தார். நான் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். குடித்தார். பிறகு கேட்கவில்லை.

ஜூலை 15, திங்கள்

வீடு. அடை உட்கார்ந்த கோழி ஏழு குஞ்சு பொரித்திருக்கிறது. ஒட்டடை அடித்து, பாத்திரமெல்லாம் கழுவி முடிக்கவே நாள் போய்விட்டது.

ஜூலை 26, வெள்ளி

இன்று எங்களுக்குச் சண்டை.

சத்துணவுக் கணக்கை முடித்துவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தால், ஆள் கட்டிலில் இல்லை. மேலே சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குச் சாத்திய ஏணியில் இரண்டாவது படியில் நிற்கிறார். மூடி விலகியிருந்ததாம், சரிசெய்ய ஏறினாராம். வயிற்றுத் தையல் இன்னும் முழுசாக ஆறவில்லை.

"எறங்குங்க!" என்று கத்தினேன்.

"நான் வானம் ஒசரத்துல ஏறி வேல பாத்தவன். இது என்ன பெரிய ஏணி?"

"கிழிச்சீங்க. எறங்குங்கங்கிறேன்ல!"

"எல்லாத்துக்கும் கத்தாத. என் வீட்டுல எனக்கு ஒரு மூடிய மூட உரிமை இல்லையா?"

"உங்க வீடா? இந்த வீட்டுல மொத்தமா எத்தன நாளு இருந்திருக்கீங்க நீங்க?"

சொல்லியிருக்கக் கூடாது. வந்துவிட்டது. எதிர்வீட்டு ராக்கம்மா வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள். அவர் இறங்கினார். முகம் சிவந்திருந்தது.

"அதுக்குத்தானடி வந்திருக்கேன்!" என்று கத்தினார். தெருவுக்கே கேட்டிருக்கும்.

கீழே வந்து அவர் கூடத்தில் உட்கார்ந்தார், நான் அடுப்படியில். பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன். இத்தனை வருஷத்தில் நாங்கள் சண்டை போட்டதே இல்லை. அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்வார்கள். ஒன்றரை மாதத்தில் யார் சண்டை போடுவார்கள்? கோபம் ஆறுவதற்குள் விமானத்துக்கு நேரம் வந்துவிடும்.

சாப்பாடு வைத்தேன். முதல் கவளத்தோடு செரிமான மாத்திரையைப் போட்டுக்கொண்டார், நான் சொல்லாமலே. இரண்டாவது கவளம் வாயில் வைத்ததும் நிறுத்தினார்.

"கொழம்புல புளி ஏறிப்போச்சு" என்றார்.

நான் அவரையே பார்த்தேன். ஊருக்கு வரும்போதெல்லாம் என்ன போட்டாலும் "நல்லாருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிட்டுப் போனவர்.

"அவ்வளவு புளிப்பா?"

"வாய்ல வைக்க முடியல."

அடுத்த வியாழக்கிழமை முதல் மருந்து ஏற்றுகிறார்கள். அதன்பிறகு நாக்கில் ருசியே இருக்காது என்று ரோஸ்லின் சொல்லி அனுப்பியிருக்கிறாள். அவருக்கும் அது தெரியும்.

தட்டை வாங்கி, அந்தக் குழம்பை ஒதுக்கிவிட்டு, ரசம் ஊற்றினேன். என் கண்ணைப் பார்த்துவிட்டு, "இதுக்குப் போயி அழுவியா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றேன். "இன்னும் என்னென்ன புடிக்கலன்னு சொல்லுங்க."

அவர் யோசித்தார். பிறகு ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். கத்திரிக்காயில் ஆரம்பித்தார். ரசம் ஆறிப்போயிற்று, அவர் நிறுத்தவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை.